சித்தூருக்கு வந்த கடல்பன்னி

போன மாதம் எங்கள் வீட்டுப் பசுவின் காதில் மஞ்சள் வில்லை மாட்ட ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயது. வில்லையில் இருந்த எண்ணைக் கைபேசியில் ஏற்றினார். இனிமேல் பசுவின் வயது, இனம், எத்தனை ஈத்து என்பதெல்லாம் டில்லியில் உட்கார்ந்தே பார்க்கலாமாம். அது ஏன் வலது பக்கம் நின்று கறந்தால் மட்டும் உதைக்கிறது என்பது கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்களுக்கே இன்னும் தெரியவில்லை.

நான் மிருகாஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் அந்தம்மா கேட்டார். “சர்வீஸ்ல நீங்க பாத்ததுலயே விசித்திரமான கேஸ் எது அங்கிள்?”

“கடல்பன்னிக்கு ஓ.பி. சீட்டு எழுதியிருக்கறனுங்க.”

“டால்பினா? பாலக்காட்டு ஜில்லாவுலயா?” சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற என் மருமகனும் சிரித்தான். இருபது வருடமாக அதை நான் கட்டிவிட்ட கதை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன். ஆகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் டிரெய்னிங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாட்டின் மூக்கை எப்படிப் பிடிப்பது, குதிரைக்குப் பின்னால் எங்கே நிற்கக் கூடாது, ஊசியை எத்தனை நேரம் கொதிக்க வைப்பது என்று ஒரு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டர் தவறு செய்யும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை வேலையில் சேர்ந்த பிறகு நானே கற்றுக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்காவில் ஒரு மிருகாஸ்பத்திரியில் போட்டார்கள். டாக்டர் வைத்தியநாதன் அங்கே இருந்தார். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். முதல் பஸ்ஸில் குடையும் டிபன் கேரியருமாக வந்து இறங்குவார். கெசட்டட் ஆபீசர் என்பதால் பச்சை மைப் பேனா. மேசையில் அமர்ந்ததும் சீட்டை எழுதத் தொடங்குவார். உடைமஸ்தன் என்கிற சொந்தக்காரர் பேர், வீட்டுப் பேர், மிருகம், இனம், நிறம், கொம்பு, சுழி, வயது. இத்தனையும் எழுதி முடித்துத்தான் தலை நிமிர்வார். ஒருநாள் வயிறு உப்பிய எருமையோடு ஒருவர் வந்தார். டாக்டர் எழுதி நிமிர்வதற்குள் எருமை ஏப்பம் விட்டு, சாணம் போட்டு, சுகமாகி வீட்டுக்கே போய்விட்டது. ரிஜிஸ்டரில் ‘குணமானது’ என்று எழுதினோம். அந்த மாதம் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

“கந்தசாமி, எழுத்துல இல்லாத ரோகம் ரோகமே இல்லையாக்கும்” என்பார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. எந்த மிருகத்தையும் தொட மாட்டார். ஒரு கஜம் தள்ளி நின்றுகொண்டு, “தொட்டுப் பாரு. சூடுண்டோ? வயித்த அமுக்கிப் பாரு. கத்தறதோ?” என்பார். தொடுவது நான், அறிவது அவர். பிறகு அவர் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். நான் ஒரு தடவை.

அவருடைய எழுத்தின் வலிமையை ஓர் ஆட்டின் விஷயத்தில் பார்த்தேன். திருட்டுக் கேஸில் பிடிபட்ட வெள்ளாடு ஒன்றைக் கோர்ட்டில் காட்ட வேண்டிய தொண்டிப் பொருளாக ஒரு போலீஸ் ஸ்டேஷனில் கட்டிவைத்திருந்தார்கள். வாரா வாரம் அதற்கு ஆரோக்கிய சர்டிபிகேட் நாங்கள் கொடுக்க வேண்டும். கேஸ் நீண்டது, ஆடு இரண்டு குட்டி போட்டது. மகஜரில் ஓர் ஆடுதான் இருக்கிறது, இப்போது மூன்று நிற்கிறதே என்று ஏட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார். கூடுதல் ஆடு எங்கிருந்து வந்தது என்று கோர்ட்டில் கேட்டால் ஸ்டேஷனே திருடியதாகிவிடுமே என்று அவருக்குப் பயம். டாக்டர் ஒரு வரி எழுதினார்: ‘தொண்டி, தானே பெருகியது.’ கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து அந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இனி கடல்பன்னி.

அறுவடை முடிந்து வயல்கள் வெடித்துக் கிடந்த வேனல் காலம். டவுனுக்கு வெளியே ஒரு தரிசு வயலில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், மரணக் கிணறு, இரண்டு தலைக் கன்றின் பாடம் செய்த உடல், அதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய பேனர்: ‘மனிதனைப் போல் மூச்சு விடும் மீன்! உங்களைப் பார்த்துச் சிரிக்கும்!’ ஊரே போய்ப் பார்த்து வந்திருந்தது. நான் போகவில்லை. பகல் முழுக்க மிருகங்களோடு இருப்பவன் சாயங்காலம் சீட்டு வாங்கிக்கொண்டு வேறு போய்ப் பார்ப்பானா?

ஒரு காலை, பொருட்காட்சி மானேஜர் சுகுமாரன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மையிட்ட மீசை, கையில் ஒரு மனு.

“சாரே, நம்ம கடல்பன்னிக்கு சுகமில்லை. ரண்டு நாளா தீனி எடுக்கல்லே. ஒரு இஞ்செக்‌ஷன் போட்டாச் சரியாகுமல்லோ? ஆறு மணிக்கு ஷோ உண்டு.”

டாக்டர் மனுவைப் படித்தார். ‘எனக்குச் சொந்தமான கடல்பன்னி ஒன்று’ என்று தொடங்கி, அடியில் தேதியும் கையெழுத்தும் இருந்தன. சீட்டில் மிருகம் என்ற இடத்தில் ‘பன்னி’ என்று எழுதினார். பன்னி கட்டும் கயிற்றையும், பன்னிக்கு மருந்து ஊட்டும் குழாயையும் எடுத்துக்கொண்டு நாங்கள் புறப்பட்டோம்.

கூடாரத்துக்குள் வெக்கையில் மூச்சு முட்டியது. நடுவே ஒரு தகரத் தொட்டி. ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் கால் இடிக்கும். சாக்கு உப்பைக் கொட்டிக் கலக்கிய தண்ணீர், அதில் மிதக்கும் கடலைத் தோல். அதற்குள் அது கிடந்தது. சாம்பல் நிறம். திரும்பக்கூட இடமில்லை. தண்ணீருக்கு வெளியே தெரிந்த முதுகில் தோல் கொப்பளித்து உரிந்திருந்தது. தலை உச்சியில் ஒரு துளை. அது திறந்து ‘புஃப்’ என்று மூச்சு விட்டதும் நான் இரண்டடி பின்னால் போனேன். வாய் மட்டும் சிரித்தபடி இருந்தது.

“சந்தோசமாத்தான் இருக்குதுங்க” என்றேன்.

“அது சிரிக்கல்ல சாரே” என்றது ஒரு குரல். தொட்டிக்கு அந்தப் பக்கம், நனைந்த சாக்கோடு நாற்பது வயது ஆள் ஒருவர் நின்றிருந்தார். “அதுக்க வாயி அப்படித்தான். செத்தாலும் அப்படித்தான் இருக்கும்.”

அவர் பெயர் சூசை. குளச்சல் பக்கத்துக் கடல்காரர். பொன்னானிக் கடலில் ஒரு முதலாளியின் வள்ளத்தில் வேலை பார்த்திருக்கிறார். அந்த வள்ளத்து வலையில்தான் இது மாட்டியது.

“நாங்க இத ஓங்கில்னு சொல்லுவோம். ஆத்து வாயில மீனை இதுதான் கரைக்கு விரட்டித் தரும். நாங்க வலை வீசுவோம். தப்பிப் போறத அது தின்னும். எனக்க அப்பன் காலத்துல இருந்தே அப்படித்தான். வலையில மாட்டினா அறுத்து விட்டிருவோம். அன்னைக்கு நான் கத்திய எடுக்குறதுக்குள்ள முதலாளி இந்த மானேஜருக்க கிட்ட வெல பேசிட்டாரு.”

“நீ எதுக்கு கூட வந்தாய்?” என்று டாக்டர் கேட்டார்.

சூசை தொட்டி விளிம்பில் விரலால் மூன்று தட்டுத் தட்டினார். அது மெல்ல அசைந்து வந்து தாடையை அவர் உள்ளங்கையில் வைத்தது.

டாக்டர் சீட்டைத் தொடர்ந்தார். இனம்: நாட்டு. நிறம்: சாம்பல். கொம்பு: இல்லை. சுழி: இல்லை. அசை போடுதல்: இல்லை. என்னைத் தொடச் சொன்னார். தொட்டேன். நனைந்த சைக்கிள் டியூப்போல வழவழவென்றிருந்தது. ஆனால் உள்ளே சூடு. மீன் என்று நினைத்துத் தொட்ட கைக்கு அந்தச் சூடு அதிர்ச்சியாக இருந்தது. இருதயத்தை எண்ணச் சொன்னார். ராட்டினத்தின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று தடவை முயன்றேன்.

“கொண்டா இப்படி” என்று டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கிக்கொண்டார். குனிந்தார். இடது கையை அதன் விலாவில் ஊன்றினார். எனக்குத் தெரிந்து ஒரு மிருகத்தின்மேல் அவர் கை வைத்தது அதுதான் முதல் தடவை. எண்ணி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. அதன் ஒரு கண் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

“கந்தசாமி” என்றார் மெல்ல. “இது என்னை நோக்கறதுடா.”

பிறகு நிமிர்ந்து, பேனாவைத் திறந்து, மருந்து என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார்: ‘கடல்.’

மானேஜர் எட்டிப் பார்த்தார். “சாரே, அது இங்க கிட்டாதல்லோ?”

“கிட்டற எடத்துக்குக் கொண்டு போகணும். நாளைக்கு மத்தியானம் தாண்டாது.”

“மூணு நாள் ஷோ இருக்கு சாரே. கழிஞ்சதும் கொண்டு போலாம்.”

டாக்டர் அவரிடம் வாதாடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று கடிதம் எழுதி, என் சைக்கிளில் அனுப்பினார். முதலில் மீன் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு, “இது மூச்சு விடுது, குட்டி போடுது, பாலும் கொடுக்கும். பால் கொடுக்கறதெல்லாம் ஒங்க டிபார்ட்மென்ட்டுங்க” என்று திருப்பித் தந்தார். வனத்துறையில் ஒருவர் தன்னிடமிருந்த பட்டியலை விரலால் தடவிப் பார்த்தார். அதில் இதைக் காணவில்லை. காட்டு எல்லையைத் தாண்டி வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். “தாண்டியிருந்தாச் சொல்லுங்க” என்றார். மூன்றாவது ஆபீசில், அதை ஏதாவது அணையில் விட்டால் ஆட்கள் பார்க்க வருவார்களே, பூங்காவும் வைக்கலாமே என்று ஒரு யோசனையை எழுதியே கொடுத்தார்கள். நான்கு மணிக்கு வேர்த்துப்போய்த் திரும்பினேன்.

“யாரும் ஏத்துக்கலீங்க சார். நம்முளுதில்லேன்னு எல்லாருமே சொல்றாங்க.”

டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். பிறகு காலையில் வந்த மனுவை எடுத்து மேசைமேல் விரித்து, அதன் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

“வாடா. போலாம்.”

ஆறு மணிக் காட்சிக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. டாக்டர் நேராக மேடையில் ஏறினார். “இங்கே ஒரு பன்னிக்குத் தொற்றுநோய் இருக்குமோன்னு எனக்கு சந்தேகம். சட்டப்படி இந்தக் கூடாரத்தை அடைக்கறேன். மிருகத்தை நாளை விடியற்காலம் அதோட சொந்த ஸ்தலத்துக்கு அனுப்ப உத்தரவு” என்றார். பச்சை மையில் எழுதிய காகிதத்தை மானேஜர் கையில் கொடுத்தார்.

“ஐயோ சாரே! அது பன்னியல்ல! மீனாக்கும்!”

“உம்ம ஒப்போட எழுதித் தந்திருக்கேரே, பன்னின்னு.”

“அது பேரல்லோ சாரே! கடலிலே உள்ள பன்னிக்கு எங்கேயாவது பன்னிக் காய்ச்சல் வருமோ?”

“வராதுன்னு எழுதித் தரேரா?”

மானேஜர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட வரிசை அதற்குள் தானாகவே கலைந்துவிட்டிருந்தது. சூசை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “இவருக்கு நெசமாவே இது பன்னியில்லைன்னு தெரியாதா?”

“எழுத்துல இருக்குதுல்லங்க” என்றேன். வேறென்ன சொல்வது?

என் மச்சான் ஒருவரின் வைக்கோல் லாரி மறுநாள் மேற்கே போவதாக இருந்தது. அவரிடம் பன்னி என்று சொல்லியிருந்தேன். விடிந்ததும் வந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க மாப்ள, இதென்னுங்க, வாலு படுக்கையா இருக்குது?” என்று கேட்டார். ஆனால் மறுவார்த்தை பேசாமல் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பிக் கொடுத்தார். அதன்மேல் நனைந்த சாக்குகள். ராட்டினக்காரர்கள் எட்டுப் பேர் தார்ப்பாயில் வைத்துத் தூக்கினார்கள். சூசை தலைமாட்டில், நான் வால்பக்கம் இரண்டு அண்டாத் தண்ணீரோடு. டாக்டர் முன்னால் டிரைவர் பக்கத்தில், மடியில் சீட்டு. மூச்சுத் துளையில் ஒரு சொட்டுகூட விழாமல் முதுகை மட்டும் நனைக்க சூசை எனக்குக் கற்றுக்கொடுத்தார். எந்த மிருகத்துக்கும் நான் அத்தனை பயந்து தண்ணீர் ஊற்றியதில்லை.

பாலக்காடு தாண்டி, ஒற்றப்பாலம் தாண்டி, பட்டாம்பிக்கு அப்பால் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வர வேண்டும், வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. அண்டாவில் அடித் தண்ணீர். அதன் மூச்சு நெருங்கி நெருங்கி வந்தது. நடுவில் ஒரு முறை விடாமலே இருந்துவிட்டது. சூசை துளையருகே குனிந்து என்னவோ முணுமுணுத்தார். ‘புஃப்’. நான் என் மூச்சையும் அப்போதுதான் விட்டேன்.

முன்பக்கக் கதவு திறந்தது. டாக்டர் இறங்கி, சக்கரத்தில் கால் வைத்து, பேன்ட் கிழிய லாரிமேல் ஏறினார். குடையை விரித்து அதன் தலைக்கு மேலே பிடித்தபடி வைக்கோலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மறு கையை விலாவில் வைத்துக்கொண்டார்.

“நாப்பது நிமிஷமாச்சு. வெள்ளம் எங்கே?”

நான் அண்டாவோடு குதித்து, சாலையோரக் கிணற்றுக்கு ஓடினேன். நாலைந்து பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூச்சிரைத்தது, பேச வரவில்லை. லாரியைக் கை காட்டினேன். ஒருத்தி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அது என்ன மிருகம், யாருடையது, எங்கே போகிறது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குடத்தை இறக்கி இழுக்கத் தொடங்கினாள். கிணற்றிலிருந்து லாரிவரை குடங்கள் கை மாறின. கேட்டில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். மூன்று ஆபீஸ்களில் ஒருநாள் முழுக்க நடக்காத காரியம் அந்தக் கிணற்றடியில் ஒரு மனுவும் இல்லாமல் நடந்தது. கூட்ஸ் வண்டி வந்து போனபோது எங்கள் லாரியிலிருந்து தண்ணீர் வழிந்து சாலை ஓரம் ஓடியது.

பொன்னானிக் கரையில் சூசையின் கூட்டாளிகள் பாய்த்துணியில் வைத்துத் தூக்கி இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோனார்கள். இறக்கியதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பல நாள் நெளியாத உடம்பு, நீந்தவே மறந்துவிட்டது. மூச்சுத் துளை தண்ணீருக்குள் போயிற்று. சூசை அதை நிமிர்த்திப் பிடித்தார். டாக்டர் ஷூவைக்கூடக் கழற்றாமல் இறங்கி, மறுபக்கம் போய் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“பிடிக்கப்படாது சாரே” என்றார் சூசை. “தாங்கினாப் போதும்.”

டாக்டர் கையைத் தளர்த்தினார். அப்படியே நின்றார்கள். அலை வந்து வந்து போயிற்று. ஓர் அலை டாக்டரின் கண்ணாடியைக் கொண்டுபோயிற்று. அவர் கையை எடுத்துத் துழாவவில்லை. நான் கரையோரம் முழங்கால் தண்ணீரில் நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. எத்தனை நேரம் என்று சொல்ல முடியவில்லை. திடீரென்று அந்த வால் ஒரு தரம் கீழே அடித்தது. டாக்டர் தடுமாறி விழுந்தார். எழுந்தபோது இருவர் கைகளும் காலியாக இருந்தன. அலைகளுக்கு அப்பால் ஒரு முதுகு எழுந்து அமிழ்ந்தது.

சூசை முகத்தைக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டார். “எனக்க சட்டை அங்க கூடாரத்துல கெடக்கு. கெடக்கட்டு” என்றார். அவ்வளவுதான். கூட்டாளிகளோடு நடந்து போய்விட்டார். கண்ணாடி இல்லாத டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு லாரிவரை வந்தார்.

சீட்டின் கடைசியில் ‘குணமானது, இறந்தது’ என்று இரண்டில் ஒன்றைத்தான் அடிக்கோடிட முடியும். டாக்டர் இரண்டையும் விட்டுவிட்டு, ‘ஊர் திரும்பியது’ என்று எழுதினார். அங்கேதான் வினை தொடங்கியது. தொற்றுநோய் என்று அவர் எழுதியது மேலிடத்துக்குப் போய், ஒரு ஜீப் நிறையப் பன்னிக் காய்ச்சல் தடுப்பூசி வந்து இறங்கியது. தாலூக்காவில் பன்னி வளர்த்த சில வீட்டுக்காரர்கள் பயந்துபோய்ப் பன்னிகளோடு ஆற்றுக்கு அக்கரைக்குப் போய்விட்டார்கள். ஒரு விசாரணை அதிகாரி வந்து, நோயுற்ற பன்னியைக் காட்டு என்றார். கடலில் இருக்கிறது என்றேன். என்னை முகர்ந்து பார்த்தார். அனுமதியின்றி எல்லை தாண்டியது, வைக்கோல் லாரியில் பயணித்து கெசட்டட் பதவியின் கௌரவத்தைக் குறைத்தது என்று குற்றப் பத்திரிகை வந்தது. டாக்டரைச் சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

மறுவருடம் மழைக்காலத்தில் அவரைப் பார்க்கப் போனேன். அட்டை கடித்த காலோடு படியேறினேன். டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் பசுவுக்குத் தானே கன்று இழுத்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை ரத்தமும் நீரும். மேசையில் சீட்டு எழுதாமல் கிடந்தது. பசுக்காரர் என்னிடம், “டாக்டர் அய்யா மொதல்ல மாட்டத்தான் பாப்பாக. எழுதுறதெல்லாம் பொறவுதான்” என்று பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கன்று எழுந்து நின்றது. டாக்டர் ஒரே ஒரு தடவை கை கழுவினார். கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். மழையைப் பார்த்தபடி கேட்டார்.

“கந்தசாமி, ஒரு விஷயம் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு எனக்குக் கண்ணாடி இல்லே, ஒண்ணும் தெரியலே. நீ கரையில நின்னாய். அது போறச்சே ஒரு தடவை திரும்பிப் பாத்துதோ?”

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரு வருடமாக மலைமேல் இருக்கும் மனிதர். ஆனால் அவரிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

“இல்லீங்க சார். நேராப் போயிருச்சுங்க. ஒருத்தரையும் பாக்கலீங்க.”

டாக்டர் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“நன்னாப் போச்சு” என்றார். “அப்போ முழுக்க குணமாயிடுத்து.”